ஜாஸ்திக்காரர்

எங்கள் மருந்துக்கடையில் அவருக்கு ஜாஸ்திக்காரர் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான், ஆனால் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஒருநாள் போனில் யாருக்கோ வழி சொல்லும்போது, "மெடிக்கலாண்ட வந்து ஜாஸ்திக்காரர் லாட்ஜ் எதுனு கேளுங்க, காட்டுவாங்க" என்று அவரே சொன்னார். எங்கள் முதலாளிக்குத்தான் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. பி.ஃபார்ம் முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை. கல்யாணமாகி வேறு ஊர் போகும்வரை அங்கேதான் இருந்தேன். எதிர்வரிசையில் அவருடைய லாட்ஜ். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிரம்பும், மற்ற நாட்களில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும்போதும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பார். மணிக்கட்டுப் பொத்தான்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

ஒரு வாளி வெந்நீர் கேட்ட யாத்ரீகருக்கு இரண்டு வாளி அனுப்புவார். போர்வையும் அப்படித்தான். எங்கள் கடைக்கு வந்து நின்றால் டீ சொல்வார். எங்களுக்கு மட்டுமல்ல, மருந்து வாங்க வந்து நிற்கிறவர்களுக்கும் சேர்த்து. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டதற்கு, சர்க்கரை போடாத டீ இரண்டு வரவழைத்தார்.

ஒரு பௌர்ணமியன்று ஆந்திராவிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தைக்குக் காய்ச்சல். அவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏம்மா, ஜுரம் பாக்குறது மூணு குடு."

"மூணு எதுக்குண்ணா?"

"ஒண்ணு பொய் சொல்லுச்சுன்னா இன்னொண்ணு காட்டிக்குடுக்கும். ரெண்டும் கூட்டு சேந்துக்கினா? அதுக்குத்தான் மூணாவது."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவரும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. கூடவே ஓடி வந்த தகப்பனை விடவும் வேகமாக ஓடினாராம்.

எங்கள் கடையில் ஸ்டூல் உண்டு. அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நின்னாதாம்மா எனக்கு சௌரியம்" என்பார். வெகுநாள் அதை நான் ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் கடையில் வேறு யாரும் இல்லாதபோது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். சிவந்து தடித்த தோல், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். மழையில் நனைந்து சுண்ணாம்பு பொருக்குவிட்ட சுவர் போல இருந்தது. இரண்டு முழங்கைகளிலும், முதுகிலும், முட்டியிலும் இருக்கிறது என்றார். உட்கார்ந்து எழுந்தால் அந்த இடத்தில் செதில் உதிர்ந்து கிடக்குமாம்.

"சோரியாசிஸ்" என்றேன்.

"அதேதான். பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அவளுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பியாச்சு, இது மட்டும் போக மாட்டேங்குது."

ஏகப்பட்ட வைத்தியம் பார்த்திருந்தார். அதில் வெட்பாலைத் தைலம் பற்றி அவர் மனைவி சொன்ன கதை எங்கள் கடையில் பிரசித்தம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறத்துக்கு வரும். அதைச் செதிலில் தடவுவார்கள். ஒரு பாட்டில் போட்டால் மாதக்கணக்கில் வரும். இவர் லாட்ஜ் மொட்டைமாடி முழுக்க அலுமினியக் குண்டான்களில் போட்டு வைத்தார். "மாடியில கால் வைக்க எடம் இல்ல. தலகாணி உறை, பெட்ஷீட்டு எல்லாம் ஊதா ஆயிடுச்சு. ரூம் எடுத்தவங்க, இன்னாம்மா இது கறைனு கேக்கறாங்க. நான் இன்னானு சொல்றது?" என்றார் அண்ணி. அந்தத் தைலம் ஓரளவு கேட்டதாகவும், ஆனால் இவர் ஊற்றிய வேகத்துக்கு எல்லாம் சட்டைக்கும் மெத்தைக்குமே போய்ச் சேர்ந்ததாகவும் அவர் கருத்து.

அப்புறம் வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த தோல் டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்தார். வந்த அன்று முகத்தில் பெருமை வழிந்தது.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? தோல் புதுசா முளைச்சு மேல வந்து உதிர ஒரு மாசம் ஆகணுமாம். எனக்கு நாலஞ்சு நாள்லயே வந்துடுதாம். ஒண்ணு உதிர்றதுக்குள்ள இன்னொண்ணு வந்து மேல ஏறிக்குதாம். உங்க தோலும் உங்கள மாதிரியேதான் சார், எதுலயும் ஜாஸ்தினு சொல்லிட்டாங்க."

எழுதிக்கொடுத்திருந்தது ஒரு களிம்பு. வைட்டமின் டி-யைப் போலவே அமைத்துச் செய்த மருந்து. அவசரமாக வளரும் தோலை நிதானப்படுத்தும். மெல்லிசாகத் தடவ வேண்டும், முகத்தில் படக்கூடாது, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. ரத்தத்தைச் சோதித்ததில் அவருக்கு வைட்டமின் டி கம்மியாக இருந்தது. அத்தனை வருடம் உடம்பில் வெயில் படவிடாமல் மூடி வைத்திருந்தவருக்கு அது ஆச்சரியமில்லை. அந்தக் குறையைச் சரிசெய்யப் பாலில் கலந்து குடிக்கும் பொடிப் பாக்கெட்டும் எழுதியிருந்தார்கள். வாரத்துக்கு ஒன்று. இளங்காலை வெயிலில் கொஞ்ச நேரம் கையைக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

களிம்பை எப்படிப் போட வேண்டும் என்று அவருக்கு நான் விரல் நுனியில் பிதுக்கிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். மூன்றாம் நாளே காலி ட்யூபோடு வந்து நின்றார்.

"அண்ணா, இது ரெண்டு வாரத்துக்கு உள்ளது."

"நான் கொஞ்சம் தாராளமா போட்டேன்."

"தோசைக்கு எண்ணெயா ஊத்துனீங்க? இதுவும் ரத்தத்துல சேரும்ணா. ஜாஸ்தியா போட்டா சீக்கிரம் போகாது."

அடுத்த ட்யூபை நான் தரவில்லை, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தாரா கோபித்தாரா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சில வாரங்கள் சரியாகத்தான் போட்டார். முழங்கைத் தடிப்பு அடங்கியது. செதில் குறைந்து, கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

அவர் விடாததற்குக் காரணம் இருந்தது. அண்ணிதான் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள். அடி அண்ணாமலைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறார். மடியில் வாங்கி வைத்துக்கொண்டு ஏதோ கொஞ்சியிருக்கிறார். சம்பந்தி அம்மாள் வந்து, "பாப்பாவுக்குப் பசிக்குது போல" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் பால் குடித்த குழந்தை. அடுத்த முறை போனபோதும் அதே பசி. மூன்றாம் முறை இவர் குழந்தையைக் கேட்கவில்லை. வாங்கிப் போன பழங்களை வாசலிலேயே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று வந்துவிட்டார்.

"ஒரு கிலோ வாங்கணும்னா நாலு கிலோ வாங்கிக்கினு போற மனுசன்" என்றார் அண்ணி. "ஊட்டுக்கு வந்து குளிச்சாரு பாரு, தோலே உரியற மாதிரி தேச்சுக் குளிச்சாரு."

இப்போது குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் பார்க்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது வழக்கம். இவருக்கு மகன் கிடையாது. "எங்கப்பா மடியிலதான் குத்தணும்" என்று மகள் சொல்லிவிட்டாள். சம்பந்தி அம்மாள் மறுக்கவில்லை. மாமன் முறையில் மருமகளின் பெரியப்பா பையன் ஒருவன் இருக்கிறானே, அவனையும் வரச் சொல்லி வையுங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் வெயில். இளங்காலை வெயில் கொஞ்ச நேரம் என்று சொன்னதை அவர் உச்சிவெயிலில் கிரிவலம் என்று எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் பாதையில் ஆள் இருக்காது என்பது இன்னொரு சௌகரியம். ஊர் எல்லை தாண்டியதும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, துண்டை ஒரு தோளில் போட்டபடி, மலையைச் சுற்றி வந்திருக்கிறார். தொடர்ந்து சில நாள். முதுகு வெந்து கொப்பளித்துத் தோல் உரிந்தது. இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. தோல் எங்கே காயம் பட்டதோ, அங்கே புதிதாக முளைக்கும். அதுவரை சுத்தமாக இருந்த வலது தோளிலும் பிடரியிலும் புதுச் செதில் வந்தது. துண்டு கிடந்த இடம் மட்டும் ஒரு பட்டையாகத் தப்பித்திருந்தது.

"வெயில் மருந்துனு டாக்டரம்மாதானே சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார். திட்டு வாங்கிய குழந்தை மாதிரி இருந்தது குரல்.

"மருந்துன்னா அளவு உண்டுண்ணா."

"அளவு, அளவு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு சில வாரம் அவர் கடைக்கு அதிகம் வரவில்லை. வந்தபோது ஆள் மெலிந்திருந்தார். மலச்சிக்கலுக்கு ஏதாவது கொடு என்றார். மறுவாரம் வாந்திக்குக் கேட்டார். கடைக்குள் நின்றபடியே ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார், இன்னொன்று வாங்கி அதையும் திறந்தார். டீ சொல்லவில்லை. முதலாளி அவருக்கு ஒரு டீ சொன்னார். இவர் டம்ளரைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேணாம்பா, வாய்க்குப் புடிக்கல" என்றார். நானும் முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முந்தின நாள் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, யார் கேட்டாலும் புரியாமல் விழித்தார் என்று லாட்ஜ் பையன்கள் பேசிக்கொண்டிருந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணா, அந்தப் பால்ல கலக்குற பவுடர் எப்படி சாப்புடுறீங்க?"

"சாப்புடறேனே."

"எப்படின்னு கேட்டேன்."

கொஞ்சம் யோசித்தார். நாக்கு தடுமாறினாலும் அந்தப் பழைய பெருமை முகத்தில் எட்டிப் பார்த்தது. "வாரத்துக்கு ஒண்ணுனு எழுதிக்குடுத்தாங்க. எனக்கு அத்தினி வாரம் இல்லம்மா. காது குத்துக்கு நாள் குறிச்சுட்டாங்க. அதான் தெனம் ரெண்டு."

"எங்க வாங்குனீங்க? நான் குடுக்கலியே."

"ஊர்ல ஒரு கடையா கீது?"

நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். முதலாளி ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் எதிரே போய் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இவர் ஆட்டோவில் ஏற மறுத்தார்.

"வைட்டமின்தானேம்மா? விஷமா?"

"மேல தடவறது வேற, உள்ள போறது வேறண்ணா. உள்ள போனது சீக்கிரம் வெளிய வராது, கொழுப்புல தங்கிக்கும். ரத்தத்துல கால்சியம் ஏறிடும். அதுதான் இந்தத் தாகம், வாந்தி எல்லாம். கிட்னிய அடிச்சுடும்."

"அப்ப தோலு?"

"கம்மியா இருந்தத நிரப்பத்தான் அத எழுதுனாங்க. செதில்ல வேலை செய்யறது களிம்பு. இத எவ்ளோ குடிச்சாலும் அந்த வேலைய செய்யாது."

அவர் வாதாடவில்லை. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உட்கார்ந்த பிறகும் ஆட்டோக்காரரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி, ஏதோ கேட்க வந்தவர் போல என்னைப் பார்த்தார். கேட்க வந்தது மறந்துவிட்டது போல. ஆட்டோ போய்விட்டது.

கால்சியம் பயப்படும்படி ஏறியிருந்தது. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். முதல் நாட்களில் நினைவு தப்பித் தப்பி வந்தது. நர்ஸ்களைப் பார்த்து எத்தனை பேர், எத்தனை ரூம் வேணும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். கிட்னி பாதி படுத்துவிட்டது, எழுந்தால் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தார். நான் ஒருமுறை பார்க்கப் போனபோது, "கம்மியா சாப்புடத் தெரியாம ஒரு மனுசன் சாவானா?" என்று கேட்டார். அழவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. மகள் கைக்குழந்தையோடு வந்து போய்க்கொண்டிருந்தாள். சம்பந்தி அம்மாளும் ஒருநாள் வந்தார். கட்டில் காலருகே நின்று பார்த்துவிட்டு, ஒரு டஜன் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

அவர் பிழைத்தார். கிட்னி பெரும்பாலும் திரும்பியது. ஆயுசுக்கும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். கால்சியம் இறங்கும்வரை அந்தப் பொடி மட்டுமல்ல, களிம்பும் கூடாது, வெயிலும் கூடாது, பால் தயிரும் கூடாது. அடக்கி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் இந்த நோய் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்தபோது அதுவரை இல்லாத இடமெல்லாம் பூத்திருந்தது. விரல் கணுக்களில், காதுக்குப் பின்னால், நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில். காது குத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அதை எங்கள் கடையில் வந்து அவரே சொன்னார்.

"டாக்டரம்மாவ கேட்டேன். இது அடியோட போறது இல்லியாம். கொறையும், வரும், திரும்பக் கொறையும்னாங்க. போனப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா பேத்திக்குக் கல்யாணமே ஆயிடும். இவங்க மொதல்லயே இத சொல்லியிருந்தா நான் தெனம் ரெண்டு குடிச்சிருக்க மாட்டேன்."

"மொதல்ல சொல்லியிருப்பாங்கண்ணா."

"சொன்னாங்கதான்" என்றார். "எனக்குத்தான் காதுல ஏறல."

காது குத்துக்கு எங்கள் கடையிலிருந்து எல்லோரையும் அழைத்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து மட்டும் இரண்டு வேன். அடி அண்ணாமலையைத் தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவே ஒரு அம்மன் கோயில். சம்பந்தி வீட்டுக் குலதெய்வம். வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நாங்கள் போனபோது குழந்தைக்கு மொட்டை அடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசியாகிவிட்டது. அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். காது குத்த வந்த பத்தர் வெற்றிலையில் கம்மலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மணையில் பெரியப்பா பையன் உட்கார்ந்திருந்தான். யார் உட்காரச் சொன்னார்கள் என்று தெரியாது. இவர் கொஞ்சம் தள்ளி, சீர்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். புது வேட்டி, முழுக்கைச் சட்டை.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவைப் பார்த்தாள். சம்பந்தி அம்மாள், "பாப்பா அழுதுக்கினே கீறா, சீக்கிரம் ஆகட்டும்" என்றார்.

அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். பிறகு மற்றதையும். சட்டையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தார். முதுகு, தோள், வயிறு, கை என்று ஒரு இடம் பாக்கி இல்லாமல் சிவந்தும் வெளுத்தும் கிடந்தது. கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள்.

"சம்பந்தியம்மா, நல்லா பாத்துக்குங்க. இதுதான் மொத்தமும். இது தொத்துற வியாதி இல்ல. தொத்துறதுன்னா என் பொண்டாட்டிக்குத் தொத்தியிருக்கும், இந்தப் பொண்ணுக்குத் தொத்தியிருக்கும். பாத்துட்டு, வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பாப்பாவுக்குப் பசிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

சம்பந்தி அம்மாளின் முகம் கறுத்தது. நாலு பேர் நடுவில் இப்படிக் கேட்டுவிட்டாரே என்ற கோபம் அது. அவர் வயல்வேலை செய்த மனுஷி, எதற்கும் சட்டென்று பேசிவிடுகிறவர் இல்லை. கிட்டே வந்தார். முழங்கையைப் பார்த்தார், பிறகு தோளை.

"அரிக்குமா?"

"அரிக்கும்."

"வலிக்குமா?"

"வெடிச்சா வலிக்கும்."

"ஆஸ்பத்திரில படுத்தது இதுக்கோசரம்தானா?"

பெரியப்பா பையன் தானாகவே எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு ஒதுங்கினான். இவர் மணையில் உட்கார்ந்தார். இத்தனை பேர் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சம்பந்தி அம்மாள் மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்தார். வைத்துவிட்டு எதிரே மண்டியிட்டு, குழந்தையின் இரண்டு கைகளையும் தாமே பிடித்துக்கொண்டார்.

பத்தர் முதல் காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டாள். தலையை அவர் நெஞ்சில் முட்டி முட்டிப் புரட்டினாள். ஈரச் சந்தனத்தில் அவருடைய செதில்கள் ஒட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தன. எல்லோரும் அதைப் பார்த்தோம். அவரும் பார்த்துவிட்டார், ஆனால் குழந்தையைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றைக்கூட விலக்க முடியவில்லை.

சம்பந்தி அம்மாள் முந்தானை நுனியை எடுத்து, பேத்தியின் தலையை மெல்லத் துடைத்துவிட்டார். பிறகு பத்தர் பக்கம் திரும்பினார்.

"இன்னா பாத்துக்கினு கீறீங்க? அடுத்த காத குத்துங்க."